விதை போட்டவர் மேரி... பெயர் பெற்றவர் பிராம்லி! - 200 வயது தாண்டிய ஓர் ஆப்பிள் மரத்தின் கதை

பச்சை நிறம். ஒரு கைக்குள் அடங்காத அளவு. ஆசையாகக் கடித்தால் பல் கூசுமளவுக்குப் புளிப்பு. ஆனாலும், ஆப்பிள் பை செய்ய நினைக்கும் இங்கிலாந்துக்காரர்கள் முதலில் தேடுவது இந்த 'பிராம்லி' ஆப்பிளைத்தான். வெந்ததும் பஞ்சு போலக் குழைந்துவிடும். எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் புளிப்பு மட்டும் காணாமல் போகாது. அந்த ருசிக்குத்தான் இவ்வளவு மவுசு!

இந்த ரகத்தின் தாய்மரம் இருப்பது, நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியில் உள்ள சவுத்வெல் என்ற சிறிய ஊரில், ஒரு வீட்டுத் தோட்டத்தில். உலகில் எங்கே பிராம்லி மரம் இருந்தாலும் அதன் மூலம் இந்த ஒரு மரம்தான்.

பெயர் வந்த கதை

1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் போட்ட ஆப்பிள் விதையிலிருந்து வளர்ந்த மரம் இது. 1846-ல் மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக்கடைக்காரர் அந்த வீட்டை வாங்கினார். 10 ஆண்டுகள் கழித்து, செடி வளர்ப்புத் தொழிலில் இருந்த 17 வயது ஹென்றி மெர்ரிவெதர், ஒட்டுக்கட்டக் குச்சிகள் கேட்டார். பிராம்லி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பழத்துக்குத் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும்!

1862-ல் மெர்ரிவெதரின் கணக்குப் புத்தகத்தில் பிராம்லியின் முதல் விற்பனை பதிவானது. 1876-ல் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் பாராட்டும் கிடைத்தது. ஆனால், மேரி ஆன் 1852-லேயே இறந்துவிட்டார். தான் போட்ட விதை இவ்வளவு புகழ் பெறும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஏன் ஒரே மரம்?

நல்ல மாம்பழத்தின் கொட்டையை நட்டால், அதே ருசியில் பழம் கிடைக்கும் என்று சொல்ல முடியாதல்லவா? ஆப்பிளும் அப்படித்தான். பிராம்லியின் விதையைப் போட்டால் வேறு ஏதோ ஓர் ஆப்பிள்தான் வரும். அதே பழம் வேண்டுமென்றால், ஒட்டுக்கட்டுவதுதான் வழி. ஆக, இன்றைய பிராம்லி மரங்கள் எல்லாம் ஒருவகையில் அந்தத் தாய்மரத்தின் கிளைகளே. வட அயர்லாந்தின் அர்மா பகுதியில் விளையும் பிராம்லி, 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் பெற்றது.

புயலை வென்ற மரம்

1900-ல் வீசிய புயலில் தாய்மரம் வேரோடு சாய்ந்தது. ஆனாலும் சாகவில்லை. விழுந்த இடத்திலிருந்தே துளிர்த்து, மறுபடியும் காய்த்தது. புயலுக்குத் தப்பிய மரத்தை வீழ்த்த வந்திருப்பது 'தேன் பூஞ்சை' என்ற நோய். வேர் வழியாகப் பரவி மரத்தை உள்ளிருந்தே அழுகவைக்கும் இந்த நோய்க்கு மருந்து இல்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், திசு வளர்ப்பு முறையில் தாய்மரத்தின் நகல்களை உருவாக்கிவிட்டார்கள். நோயுற்ற மரத்தின் ஆயுளை முடிந்தவரை நீட்டிக்கும் பொறுப்பை 2018-ல் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகம் ஏற்றது.

ஊர் மக்களும் மரத்தை மறக்கவில்லை. 200-வது ஆண்டையொட்டி, சவுத்வெல் பேராலயத்தில் பிராம்லிக்காகவே ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள்.

தாய்மரம் என்றாவது ஒருநாள் பட்டுப்போகும். ஆனால், அதன்பிறகும் எங்கோ ஒரு வீட்டு அடுப்பில் பிராம்லி வெந்துகொண்டுதான் இருக்கும். பெயர் பிராம்லியுடையது என்றாலும், பழம் மேரி ஆன் போட்ட விதையின் பலன்தான்!