கூட்டமைப்புக்கு சார்ஜ் ஸ்டாண்டு: கொட்டேஷன் கேட்கும் முன் தெரிந்துகொள்வோம்



முன்பெல்லாம் குழுவின் சொத்து என்றால் தீர்மான நோட்டு, பேரேடு, பாஸ் புத்தகம், ஒரு இரும்புப் பெட்டி. இன்றைக்கு அதோடு செல்போனும் சேர்ந்துவிட்டது. வங்கிச் செய்தி அதில்தான் வருகிறது. கணக்கும் அதில்தான் ஏறுகிறது. வங்கி முகவராக வேலை பார்க்கும் நம் தோழிகள், கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் கைக்கருவியையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அந்தக் கருவி பாதியில் அணைந்துபோனால் முதியோர் உதவித்தொகை வாங்க வந்த பாட்டி வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

கூட்டம் நடக்கும் நாளில் அலுவலகத்தைப் பாருங்கள். ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதில் ஏழெட்டு சார்ஜர். ஒயர் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். பக்கத்திலேயே தண்ணீர்க் குடம். "எல்லா போனையும் வரிசையா வச்சு சார்ஜ் போட ஒரு ஸ்டாண்டு செஞ்சா என்னங்க?" என்று பல ஊர்களில் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் மூன்று கொட்டேஷன் வாங்கி, எது விலை குறைவோ அதற்குத் தீர்மானம் போட்டுவிடக்கூடிய பொருள் இது இல்லை. ஒரு நல்ல ஸ்டாண்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் கடைக்காரரிடம் சரியான கேள்வி கேட்க முடியும்.

டாக்கிங் ஸ்டேஷன் என்றால் என்ன?

கைக்கருவியை ஓர் இடத்தில் வைத்தவுடன், மின்சாரமோ தகவலோ அதற்குள் போகும்படி செய்யும் தாங்கிக்கு டாக்கிங் ஸ்டேஷன் என்று பெயர். டாக் என்றால் படகு வந்து அணையும் துறை. படகு துறையில் இடிக்காமல் வந்து நிற்க வேண்டும், சரக்கு ஏற வேண்டும், பிறகு சிக்கல் இல்லாமல் கிளம்ப வேண்டும். இங்கேயும் அதேதான். மின்சாரக் கெட்டிலை அதன் அடித்தட்டில் வைத்து எடுக்கிறோமே, அதுவும் இந்த வகைதான்.

இப்படிப்பட்ட ஸ்டாண்டு ஐந்து காரியங்களைச் சரியாகச் செய்ய வேண்டும்.

1. வீட்டு மின்சாரத்தைத் தனியாக நிறுத்த வேண்டும்

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட். போனுக்குச் சாதாரணமாக வேண்டியது 5 வோல்ட். இதைக் குறைத்துக் கொடுப்பதுதான் சார்ஜரின் வேலை, அதாவது அடாப்டரின் வேலை. நல்ல அடாப்டருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் கெட்டியான காப்புப் பொருளும் இருக்கும். ஆற்று நீருக்கும் ஊருக்கும் நடுவே கரை இருப்பது மாதிரி. போலி அடாப்டரில் காசை மிச்சம் பிடிப்பது இந்தக் கரையில்தான். கரை உடைந்தால் 230 வோல்ட் நேராக போனுக்கு வரும், போனைப் பிடித்திருக்கும் கைக்கும் வரும்.

இந்தியாவில் அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு கட்டாயம்.  அடாப்டரின் மேல் அதன் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது உண்மையான எண்ணா, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று பார்த்துக்கொள்ளலாம். படித்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஸ்டாண்டுக்குள் 230 வோல்ட் ஒயர் போகும் பகுதி மூடிய பெட்டியாக இருக்கட்டும். நம் கை படும் பகுதியில் குறைந்த வோல்ட் மட்டுமே வர வேண்டும். இரும்புச் சட்டம் என்றால் அதற்கு எர்த் கொடுத்தே ஆக வேண்டும்.

2. எது முதலில் தொட வேண்டும் என்ற வரிசை

வீட்டில் உள்ள மூன்று முனை பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முனை மட்டும் நீளமாகவும் தடியாகவும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் தொடும். பிடுங்கும்போது அதுதான் கடைசியில் விடும். பாதுகாப்பு முதலில் வந்து கடைசியில் போக வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதே யோசனை சின்ன ஒயரிலும் உண்டு. பழைய சார்ஜர் ஒயரின் சதுர முனைக்குள் பார்த்தால் நான்கு தகடு தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் நீளம். நடுவில் உள்ள இரண்டும் கொஞ்சம் குட்டை. ஓரத் தகடுகள் மின்சாரத்துக்கு. நடுத் தகடுகள் தகவலுக்கு. முதலில் மின்சார இணைப்பு உறுதியாகும், அதன் பிறகே தகவல் ஓடும். இந்த வரிசை தவறினால் கருவியின் உள்ளே இருக்கும் நுண்ணிய பாகங்கள் கெட்டுப்போக வழி உண்டு.

ஸ்டாண்டில் கருவி ஒரே ஒரு விதமாக மட்டும் உட்காரும்படி பள்ளமோ மேடோ இருக்க வேண்டும். மிக்ஸி ஜாரை எப்படியோ வைத்தால் ஓடாது, அதற்குரிய பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் ஓடும். அப்படி.

3. கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்

இதுதான் முக்கியமான விஷயம். நம் குழுவில் கடன் எப்படிக் கொடுக்கிறோம்? உறுப்பினர் கேட்கிறார். எதற்கு, எவ்வளவு, திருப்பிக் கட்ட முடியுமா என்று பேசுகிறோம். தீர்மானம் எழுதுகிறோம். அப்புறம்தான் பணம் கைக்குப் போகிறது. கதவைத் திறந்தவுடன் யார் வந்தாலும் பணத்தை நீட்டுவதில்லை.

பழைய சதுர முனை சார்ஜரில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். 2014-ல் வெளிவந்த டைப் சி முனை அப்படி இல்லை. அதில் 24 இணைப்புகள் உண்டு. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் சேரும். போனுக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. சார்ஜர் முதலில் அதைத் தேடும். "ஆமாம், மின்சாரம் வாங்கும் கருவிதான் வந்திருக்கிறது" என்று தெரிந்த பிறகே 5 வோல்ட் விடும். அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டும் பேசிக்கொள்ளும். "என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது" என்று சார்ஜர் சொல்லும். "எனக்கு 9 போதும்" என்று போன் கேட்கும். கேட்டதுதான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய செல்போன்களுக்கு இந்த முனையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

முனை ஒன்றுபோல இருந்தால் மட்டும் போதாது. 2016-ல் பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளர், கடையில் விற்கும் டைப் சி ஒயர்களைத் தானே சோதித்து வந்தார். ஒரு ஒயரில் பிளஸ், மைனஸ் மாறிப் பொருத்தியிருந்தது. செருகியதும் அவருடைய மடிக்கணினியே பழுதாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஒயரில் குறை எதுவும் தெரிந்திருக்காது. விவரம் தெரிந்தவருக்கே அந்தக் கதி என்றால், சந்தையில் குவித்துப்போட்டு விற்கும் ஒயரை நம்பி குழுவின் கருவியை ஏன் மாட்ட வேண்டும்?

சில ஸ்டாண்டுகளில் ஒயர் முனை இருக்காது. ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்ன உலோக முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கருவியை வைத்தால் அவை தொட்டுக்கொள்ளும். வசதிதான். ஆனால் நம் கையில் வளையல், தாலியில் சேஃப்டி பின், இடுப்பில் சாவிக்கொத்து. அதில் ஏதாவது இரண்டு முனைகளின் மேல் குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகும். 5 வோல்ட் நமக்கு ஷாக் அடிக்காது. ஆனால் அந்த உலோகம் கொதிக்கச் சூடாகும், தீயும் பிடிக்கலாம். காந்தம் வைத்த ஸ்டாண்டு என்றால் சேஃப்டி பின்னை அதுவே இழுத்துக்கொள்ளும். ஆகவே முனைகள் பள்ளத்துக்குள் இருக்க வேண்டும். கருவி உட்காராதபோது அவற்றில் கரண்ட் வரக்கூடாது. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே நின்றுவிட வேண்டும்.

4. சூடு தங்கக்கூடாது

ஒரு சின்னக் கணக்கு. ஒரு போனுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். பத்து போன் வைத்தால் 100 வாட். கடைக்காரர் 60 வாட் ஸ்டாண்டில் பத்து துளை வைத்துக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 6 வாட்தான். நல்ல ஸ்டாண்டு இருப்பதைப் பங்கிட்டு மெதுவாகக் கொடுக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, நேரம்தான் கூட ஆகும். மட்டமான ஸ்டாண்டு தாங்காமல் சூடேறும். அதனால் துளை எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். மொத்தம் எத்தனை வாட் என்றும் கேளுங்கள்.

போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அது சூட்டுக்கு ஆகாது. சாதாரணமாக 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, போன்களை அடுக்கி, தூசி படாமல் இருக்கத் துணியும் போட்டு மூடினால் என்ன ஆகும்? சூடு போக வழியே இருக்காது. கருவிகள் நின்ற நிலையில், ஒன்றுக்கொன்று விரல் விட்டு எடுக்கும் இடைவெளியோடு இருக்கட்டும். பெட்டிக்குக் காற்றுத் துளை வேண்டும். ஜன்னல் வெயிலும் அடுப்பும் பக்கத்தில் வேண்டாம்.

முதுகு உப்பிய போனை ஸ்டாண்டில் வைக்கவே கூடாது. உப்பலை அமுக்கவோ ஊசியால் குத்தவோ கூடாது, தீப்பிடித்துவிடும். சர்வீஸ் கடையில் காட்டி பேட்டரியை மாற்றிவிட வேண்டும். புகை வந்தால் போனைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள், 101-க்குப் போன் செய்யுங்கள்.

5. தகவலுக்குப் பூட்டு

ஒரே ஒயரில் மின்சாரமும் போகும், தகவலும் போகும் என்று பார்த்தோம். பேருந்து நிலையத்திலோ வேறு பொது இடத்திலோ உள்ள சார்ஜ் துளை வழியாக போனில் உள்ளதைத் திருட முடியும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேடும் எச்சரிக்கிறது. குழுக் கணக்கின் செய்தியும் ஓ.டி.பி.யும் வரும் போன் அது. ஒரு தோழியின் சேமிப்பு மட்டுமல்ல, எல்லோருடைய சேமிப்பும் அதில் மாட்டியிருக்கிறது.

நம் ஸ்டாண்டு சார்ஜுக்கு மட்டும் என்றால் தகவல் இணைப்பே அதில் வேண்டாம். செய்பவரிடம் அப்படியே சொல்லுங்கள். வெளியிடத்தில் சார்ஜ் போடும்போது "தகவலைப் பகிரவா, அனுமதிக்கவா" என்று திரையில் கேட்டால் "வேண்டாம்" என்று அழுத்துங்கள். சொந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

தீர்மானம் போடும் முன் கேட்க வேண்டியவை

- அடாப்டரில் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா? செயலியில் சரிபார்த்தோமா?
- 230 வோல்ட் பகுதி மூடியிருக்கிறதா? இரும்புச் சட்டத்துக்கு எர்த் உண்டா?
- ஷார்ட் ஆனால் தானே நிற்குமா? கடைக்காரர் நம் முன்னால் செய்து காட்டுவாரா?
- மொத்தம் எத்தனை வாட்? ஒரு துளைக்கு எவ்வளவு?
- காற்றுத் துளை, இடைவெளி சரியா?
- தகவல் இணைப்பு நீக்கப்பட்டிருக்கிறதா?
- பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்? எத்தனை மாத உத்தரவாதம்? பில் கிடைக்குமா?

அலுவலக ஒயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் ஒருமுறை காட்டுங்கள். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் ஆனாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை மெயின் போர்டில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டைத் தண்ணீர்க் குடத்திலிருந்து தள்ளி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கூட்டம் முடிந்ததும் சுவிட்சை அணைப்பது யார் என்று முறை வைத்து, பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

"இவ்வளவு கேட்டா கடைக்காரர் நம்மளை என்ன நினைப்பாரோ?" என்று சில தோழிகள் தயங்கலாம். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து வட்டி விகிதம் கேட்டவர்கள்தானே நாம். செலவாகப்போவது நம் சந்தாப் பணம். மாட்டப்போவது நம் போன். கேள்வி கேட்கும் உரிமையும் நம்முடையதே. விலை நூறு ரூபாய் கூடினாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவரிடமே வாங்கலாம். எதனால் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு தணிக்கையில் யாரும் கேட்டால் பதில் கையில் இருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மூன்று முனை பிளக்கையும் பழைய சார்ஜர் ஒயரையும் எடுத்து எல்லோருக்கும் காட்டுங்கள். படிக்கத் தெரியாத தோழியும் பார்த்தே புரிந்துகொள்வார். உங்கள் ஊர் ஸ்டாண்டு எப்படி அமைந்தது என்று எழுதி அனுப்புங்கள். மற்ற குழுக்களுக்கும் அது உதவும்.