இசைக்கோப்புகளை இடம்மாற்றலும் பேணிக் காத்தலும்

மூலம் ஒரு சுவடியிலும் அதன் உரை பிறிதொரு சுவடியிலும் இருக்குமாயின், மூலத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டு ஊர் செல்பவன், அங்கே ‘உரையிற் காண்க’ என்னும் குறிப்பைக் கண்டு திகைப்பான். கணினியில் இசை அமைப்போர் பலர்க்கு இன்று நேர்வதும் இதுவே. பல நாள் உழைத்து அமைத்த பாடலின் கோப்பினைப் புதிய கணினிக்கு மாற்றித் திறக்குங்கால், தடங்களின் பெயர்கள் தோன்றுகின்றன; ஒலி மட்டும் எழுவதில்லை. இதன் காரணம் யாது, இதனைத் தவிர்க்கும் நெறி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கியூபேஸ், லொஜிக் புறோ, ஏபிள்ரன் லைவ், றீப்பர் முதலிய மென்பொருள்களில் உருவாகும் இசைப்படைப்பொன்று நான்கு கூறுகளை உடையது. முதலாவது, திட்டக்கோப்பு, இரண்டாவது, பாடகரும் வாத்தியக்காரரும் இசைத்ததைப் பதிந்த ஒலிக்கோப்புகள், மூன்றாவது, பிற தொகுப்புகளிலிருந்து எடுத்தாளும் மாதிரியொலிகள், நான்காவது, வாத்திய ஒலிகளையும் ஒலிமாற்றங்களையும் பிறப்பிக்கும் செருகுநிரல்கள். இவற்றுள் திட்டக்கோப்பு பெரும்பாலும் ஒலியைத் தன்னகத்தே கொள்வதில்லை. எவ்வொலி, எக்கணத்தில், எவ்வளவு உரப்புடன் எழவேண்டும் என்னும் கட்டளைகளே அதனுள் உள்ளன. றீப்பரின் திட்டக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பே. அதனைத் திறந்து பார்ப்பவர், ஒலிக்கோப்புகளின் பெயர்களும் அவை இருக்கும் முகவரிகளும் வரிவரியாக எழுதப்பட்டிருத்தலைக் கண்கூடாகக் காணலாம்.

முகவரி இருவகைப்படும். வன்தட்டின் பெயர் தொடங்கி முழுவழியையும் கூறுவது ஒன்று. திட்டக்கோப்பு இருக்கும் இடத்திலிருந்து வழி கூறுவது மற்றொன்று. முன்னது, வீட்டிலக்கத்தையும் தெருவையும் கூறுவது போன்றது. வீடு மாறின் பயன்படாது. பின்னது, ‘அடுத்த அறையில் உள்ளது’ என்பது போன்றது. எல்லாம் ஒருங்கே பெயருமாயின் கெடாது. ஆதலின், ஒரு பாடலுக்குரிய ஒலிகள் யாவும் அதன் திட்டக்கோப்புடன் ஒரே கோப்புறையுள் இருத்தல் வேண்டும் என்பது முதல் விதியாயிற்று. மேற்கூறிய மென்பொருள்கள் பலவற்றில், சிதறிக் கிடக்கும் ஒலிக்கோப்புகளைத் தேடித் திரட்டி ஒரே கோப்புறையிற் சேர்க்கும் கட்டளை உண்டு. கணினியை மாற்றுவதற்கு முன்னரே, பழைய கணினியில் இதனைச் செய்தல் வேண்டும். மாற்றிய பின் தேடுதல் வெள்ளம் போன பின் அணை கட்டுவதாகும்.

கோப்புகளின் பெயரிலும் இடர் உண்டு. வினாக்குறி, முக்காற்புள்ளி போன்ற குறிகளை விண்டோஸ் கோப்புப் பெயர்களில் ஏற்பதில்லை. தமிழ்ப் பெயர்களுக்கு வேறொரு நுட்பமும் உளது. ‘தோடி’ என்னும் பெயரிலுள்ள ஓகார உயிர்மெய்க்குறியை யூனிக்கோட்டில் ஒரே குறியீடாகவும், இடப்புறக் குறி, வலப்புறக் குறி என்னும் இரு குறியீடுகளாகவும் எழுதலாம். 2017 வரை மக்கின்ரோஷ் கணினிகள் பொதுவாகக் கையாண்ட கோப்பு முறைமை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் தந்தபடியே சேமிக்கின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கோ வெவ்வேறு பெயர்கள். இவ்வேறுபாட்டை உணராத மென்பொருள், எதிரே இருக்கும் கோப்பினையே ‘காணவில்லை’ என்று கூறிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களுக்கு இவ்விடர் உண்டாதலின், இருவகைக் கணினிகளிடையே செல்லும் ஒலிக்கோப்புகளுக்கு எண்களையோ எளிய உரோமன் எழுத்துகளையோ பெயராக இடுதல் நன்று.

செருகுநிரல்களோ கோப்புறையுடன் வருவன அல்ல. அவற்றைப் புதிய கணினியில் தனியே நிறுவி உரிமமும் பெறல் வேண்டும். லொஜிக் புறோ ஏற்கும் செருகுநிரல் வகை விண்டோஸில் இல்லை. ஒரே கணினி வகையிலும் காலம் குறுக்கிடும். 2019 இல் வெளிவந்த மக்கின்ரோஷ் இயக்க முறைமை 32 பிற்று நிரல்களைக் கைவிட்டமையால், அவ்வகைப் பழைய செருகுநிரல்கள் அங்கே ஊமையாயின. நிறுவனங்களும் நிலையானவை அல்ல. 1990 இல் வெளிவந்து, எண்முறை ஒலிப்பதிவையும் மிடிக் குறிப்புகளையும் ஒருங்கிணைத்த ஸ்ரூடியோ விஷன் என்னும் மென்பொருளை ஆக்கிய நிறுவனத்தை 1998 இல் கிப்சன் வாங்கியது. சிறிது காலத்தில் அம்மென்பொருளின் வளர்ச்சி நின்றது. லொஜிக்கை ஆக்கிய எமாஜிக் நிறுவனத்தை அப்பிள் 2002 இல் வாங்கி, அவ்வாண்டிலேயே அதன் விண்டோஸ் பதிப்பினை நிறுத்தியது.

இதிலிருந்து பெறப்படும் இரண்டாவது விதி யாதெனில், திட்டக்கோப்பினை மட்டும் நம்பியிராது, எம்மென்பொருளும் படிக்கவல்ல வடிவத்திலும் படைப்பினைச் சேமித்தல் வேண்டும் என்பது. ஒவ்வொரு தடத்தையும் பாடலின் தொடக்கக் கணத்திலிருந்தே தொடங்குமாறு தனித்தனி வேவ் கோப்பாக எழுதிவைப்பின், எக்கணினியிலும் அவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியவுடன் பாடல் பொருந்தி நிற்கும். சுரக்குறிப்புகளை 1983 முதல் வழங்கும் மிடி முறையிற் கோப்பாக்கலாம்; பாடலின் தாளவேகத்தை ஓர் எழுத்துக்கோப்பிற் குறித்து உடன் வைக்கலாம். மென்பொருள்களிடையே திட்டங்களைப் பரிமாறுதற்கெனப் பிற்விக், பிறிசோனஸ் ஆகிய நிறுவனங்கள் 2023 இல் வெளியிட்ட திறந்த வடிவம் பயனுடையதே; எனினும் எல்லா மென்பொருள்களும் அதனை ஏற்பதில்லை.

இனி, காப்புப்பிரதி. 24 பிற்று, 48,000 மாதிரிவீதத்தில் ஒற்றைத் தடம் ஒன்று செக்கனுக்கு 144,000 பைற்று இடம் கொள்ளும். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைற்று. ஆகவே, இருபது தடங்களை உடைய ஐந்து நிமிடப் பாடலுக்கு 864 மெகாபைற்று வேண்டும். இன்றைய வன்தட்டுகளுக்கு இது பெருஞ்சுமையன்று. ஆதலின், மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒரு பிரதி வேற்றிடத்தில் என்னும் வழக்கினை எவரும் கைக்கொள்ளலாம். நிழற்படக் கலைஞர் பீற்றர் குறோக் பரப்பிய இம்முறை ஒலிக்கும் பொருந்தும். முகிற் சேமிப்பில் இருக்கும் கோப்புறை கணினியுடன் ஒத்தியங்குவதாயின், அதனை மட்டும் காப்பெனக் கொள்ளல் தகாது; இங்கே தவறுதலாக அழித்தது அங்கும் அழிந்துவிடும். திருத்துந்தோறும் திட்டக்கோப்பினைப் புதிய எண்ணிட்டுச் சேமித்தலும் வேண்டும்.

பிறரிடம் ஒப்படைத்தமையாற் காப்பு அமைந்துவிட்டதென எண்ணுதலும் பிழை. மைஸ்பேஸ் நிறுவனம் சேவையகங்களை இடம்மாற்றியபோது, 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசை அழிந்ததென 2019 இல் தெரியவந்தது. இழந்தவை ஐந்து கோடிப் பாடல்களுக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. பிறர் படியெடுத்து வைத்திருந்தமையால் ஏறக்குறைய 490,000 பாடல்களே மீண்டன. படியின் அருமையை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1981 இல் பொதுநூலகம் எரிந்தபோது, அச்சு நூல்கள் பலவற்றைப் பிறவிடத்திலிருந்து மீண்டும் பெற முடிந்தது. வேறு படியில்லாத ஏடுகளோ என்றென்றைக்கும் போயின.

இறுதியாக வலியுறுத்தற்பாலது ஒன்றுண்டு. திறந்து பார்க்காத பிரதி, பிரதியென்னும் பெயர்க்கு உரியதன்று. காப்புப்பிரதியை வேறொரு கணினியிற் சேர்த்து, தொடக்கம் முதல் இறுதி வரை ஒருமுறை கேட்ட பின்னரே பழைய வன்தட்டினை அழித்தல் தகும். கருவியிசையை மறுபடியும் வாசித்துப் பதியலாம். மறைந்த பாடகரின் குரலை எங்ஙனம் மறுபடி பதிவது? அக்குரல் ஓர் அரைமணி நேரச் சோம்பலால் அழியாமற் காத்தல் இசையைப் போற்றுவார் யாவர்க்கும் கடனாகும்.