ஏடு இரண்டு! எஜமான் ஒருவர்!

பகல் மணி 12-28. சாப்பாட்டு வேளை. சுரங்கத் தொழிலாளர்கள் கம்பெனியின் உணவு விடுதியிலே உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். விடுதிக்கு மேலே, மலைச்சரிவிலே, ஓர் அணை. தண்ணீர் தேக்கிய அணையல்ல, தோழர்களே! இரும்புத் தாதுவைக் கழுவி எடுத்தபின் எஞ்சும் சேற்றைத் தேக்கிய அணை. உயரம் 86 மீட்டர். உடைந்தது அந்த அணை! ஊதவேண்டிய எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை. சேறு வந்தது, சோறு உண்டவர்களை மூடிற்று. மாண்டவர் 270 பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் தொழிலாளர்களும் காண்டிராக்ட் தொழிலாளர்களும்.

இடம், பிரேசில் நாட்டுப் புருமாடின்யோ. நாள், 2019 ஜனவரி 25. கம்பெனியின் பெயர் வாலே. இரும்புத் தாது விற்பதில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று.

விபத்து என்று சொல்லி, இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, நகர்ந்துவிடலாமா? முடியாது! அதே மாநிலத்தில், 2015 நவம்பரில், வாலேக்குப் பாதிப் பங்கு இருந்த வேறொரு கம்பெனியின் அணை மரியானாவில் உடைந்து 19 பேர் மாண்டிருந்தனர். முதல் சாவு பாடம் என்றால், மூன்றாண்டுக்குப் பின் வந்த 270 சாவுகளுக்கு என்ன பெயர்?

இந்த நேரத்தில் கம்பெனி ஓர் ஏட்டை வெளியிட்டு வந்தது. 'நிலைத்த வளர்ச்சி அறிக்கை' என்று அதற்குப் பெயர். காற்றைக் கெடுக்கவில்லை, நீரைக் கெடுக்கவில்லை, தொழிலாளியைக் கண்போல் காக்கிறோம் என்று கம்பெனிகள் தம்மைப் பற்றித் தாமே எழுதிக் கொடுக்கும் நற்சான்று ஏடு. வழவழப்பான தாள்! வண்ண வண்ணப் படங்கள்!

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022 ஏப்ரலில் வாலே மீது வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அணைகள் நூற்றுக்கு நூறும் உறுதியானவை எனச் சான்று பெற்றவை என்று அந்த நற்சான்று ஏட்டிலே எழுதி, பங்கு வாங்கியவர்களை ஏமாற்றினார்கள் என்பது! 2023 மார்ச்சில், 5.59 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது கம்பெனி.

இது வெளியே காட்டிய ஏடு. உள்ளே இருந்த ஏடு?

2018 அக்டோபரில் எழுதப்பட்ட உள்ளறிக்கையை ராய்ட்டர் செய்தி நிறுவனம் பின்னர் வெளியிட்டது. கம்பெனியே வகுத்த ஆபத்து வரம்பைப்போல் இரண்டு மடங்கு ஆபத்து அந்த அணைக்கு உண்டு என்றது அது. உடைந்தால் 150 கோடி டாலர் செலவாகும், நூறு பேருக்கு மேல் சாகக்கூடும் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். உடனடி ஆபத்து என்று அதில் இல்லையே என்பது கம்பெனியின் விடை. இருக்கட்டும். நூறு உயிர் என்று கணக்குப் போட்டபின்னும், உணவு விடுதி அணையின் காலடியிலேயே இருந்ததே! அதற்கு என்ன விடை?

தோழர்களே! இங்கேதான் முதலாளியின் கணக்கு நுட்பத்தைக் காணவேண்டும். உன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஓடு மாற்றினால் இந்த மாதம் செலவு. மாற்றாவிட்டால் இந்த மாதம் மிச்சம். அந்த மிச்சம் மிச்சமா? சுவர் சரியப்போகும் நாளின் பேரில் வாங்கிய கடன் அல்லவா! கம்பெனியின் ஐந்தொகையும் அப்படித்தான். அணையைப் பலப்படுத்தினால், விடுதியை இடம் மாற்றினால், அது இந்த ஆண்டுச் செலவு. இலாபம் குறையும், பங்குதாரருக்குக் கொடுப்பதும் குறையும். செய்யாமல் விட்டாலோ, இலாபம் நிமிர்ந்து நிற்கும். இன்னும் உடையாத அணைக்குக் கணக்கேட்டிலே ஒதுக்கீடு கிடையாது. ஆபத்து உண்டு, ஆனால் அதன் நேரே எழுதிய தொகை பூஜ்யம்!

2018இல் வாலேயின் நிகர இலாபம் 686 கோடி டாலர். அணை உடைந்த 2019இல் நட்டம் 168 கோடி டாலர். சந்தை திறந்த முதல் நாளே பங்கின் விலை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சரிந்தது. 2021 பிப்ரவரியில், மினாஸ் ஜெராய்ஸ் மாநில அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தர ஒப்பிய தொகை 3,770 கோடி ரெயால். அதாவது ஏறத்தாழ 700 கோடி டாலர்! நற்சான்று ஏட்டிலே மறைத்த உண்மை, நட்டக் கணக்கிலே நிமிர்ந்து எழுந்தது. பணம் தந்தவன் முதலாளி, உயிர் தந்தவன் தொழிலாளி!

'அப்படியானால் இந்த அறிக்கைகளே பித்தலாட்டம், கிழித்தெறிவோம்' என்பான் ஒரு தோழன். அவசரப்படாதே! எழுதாத பொய்யை எந்த வழக்குமன்றம் பிடிக்கும்? எழுதிய பொய்தானே வாலேயைக் கூண்டிலே நிறுத்தியது! அறிக்கை வேண்டும். ஆனால் அது விளம்பர அறையில் பிறக்கக்கூடாது, கணக்கு அறையில் பிறக்கவேண்டும். நிலைத்த வளர்ச்சிக்கான பன்னாட்டுத் தர வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட விதிமுறைகளும், இந்த விவரங்களை நிதிக் கணக்கோடு சேர்த்தே வெளியிடவேண்டும் என்கின்றன.

நம் நாட்டிலும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் இத்தகைய அறிக்கை தரவேண்டும் என்று 2022-23 முதல் கட்டாயமாக்கியது. ஆண்டறிக்கையோடு வரும் அது. பங்குச் சந்தையின் இணையதளத்தில் எவரும் காசின்றிப் படிக்கலாம். வேலையில் மாண்டவர் எத்தனை பேர், நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரமல்லாதார் எத்தனை, குறைந்தபட்சக் கூலிக்கு மேல் பெறுவோர் எத்தனை, சங்கத்தில் இருப்போர் எத்தனை, அத்தனைக்கும் அதிலே கட்டம் உண்டு!

ஆங்கிலத்திலே இருக்கிறதா? படித்த தம்பி ஒருவனைச் சங்க அலுவலகத்திலே உட்காரவைத்துப் படிக்கச் சொல்! நீ பாடை சுமந்த ஆண்டிலே 'சாவு: பூஜ்யம்' என்று இருந்தால், கேள்! பாதுகாப்பு முதன்மை என்று முன்பக்கத்தில் முழங்கிவிட்டு, கணக்குப் பக்கத்திலே அதற்குக் காசு ஒதுக்காதிருந்தால், கேள்! பங்குதாரன் கேட்பான் தன் பணத்துக்காக. நீ கேட்கவேண்டும், உன் உயிருக்காக!

ஏடு இரண்டாக இருக்கலாம். எஜமான் ஒருவர்தான். இலாபக் கணக்கிலே கையெழுத்திடும் அதே கை, உயிர்க் கணக்கிலும் கையெழுத்திடட்டும்!