பெயின்ட் அடிக்கும் பிளைவுட் அலமாரி: பலகைகளை எப்படி இணைப்பது?

வீட்டுக்கு ஓர் அலமாரி செய்யக் கொடுக்கும்போது பலகை என்ன தரம், கைப்பிடி எப்படி, என்ன கலர் என்றெல்லாம் ஆசாரியிடம் கேட்கிறோம். பலகைகளை எதைக் கொண்டு இணைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. தட்டு இறங்குவதும் கதவு சேராமல் போவதும் பல நேரம் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. சீட்டுப் பணம் எடுத்துச் செய்யும் பொருள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. அதன் அகலப் பக்கத்தில் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். விளிம்பில் முடுக்கினால் ஏடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிளக்கப் பார்க்கும். அலமாரியின் ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒரு பலகையின் விளிம்பில்தான் இணைப்பு விழுகிறது. ஆகவே வெறும் ஆணியை நம்ப வேண்டாம். பின்பலகை அடிக்க அது போதும்.

பெயின்ட் அடிப்பதில் ஒரு வசதி உண்டு. ஸ்க்ரூ தலையைச் சற்று உள்ளே இறக்கி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டால் பெயின்டுக்குப் பிறகு தெரியாது. 18 மி.மீ. பலகைக்கு 2 அங்குல ஸ்க்ரூ சரியாக இருக்கும். டிரில்லால் முதலில் சிறு துளை போட்டுவிட்டு முடுக்கச் சொல்லுங்கள். ஜிப்சம் வேலைக்கான கறுப்பு ஸ்க்ரூ எளிதில் முறியும், அது வேண்டாம்.

பாத்திரம், புத்தகம் போன்ற பாரம் ஏறும் தட்டுக்குக் காடிதான் நல்லது. பக்கப் பலகையில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்துத் தட்டை அதில் செருகினால், பாரம் ஸ்க்ரூவில் தொங்காமல் காடியின் மேல் உட்காரும். 18 மி.மீ. என்று வாங்கும் பலகை சில சமயம் சற்று மெலிந்திருக்கும். அளந்த பிறகே காடி எடுக்க வேண்டும். ரூட்டர் இல்லாத ஆசாரி என்றால், தட்டுக்கு அடியில் ரீப்பர் கட்டை வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போடட்டும். பார்வைக்குச் சுமார்தான், ஆனால் உறுதியானது.

பசை விஷயத்தில் கவனம் தேவை. ஃபெவிகால் போன்ற பசை வெறும் மரத்தில்தான் பிடிக்கும். ப்ரைமர் மேல் தடவினால் உரிந்து வந்துவிடும். முதலில் இணைப்பு, பிறகு பெயின்ட். தனித்தனியாக அடித்தே ஆக வேண்டுமானால் இணைப்பு விழும் இடங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கழற்றி மாட்டும் மினிஃபிக்ஸ் கேட்கிறார்கள். வீடு மாற்றும்போது வசதிதான். ஆனால் உள்ளே இடைவெளி உள்ள மலிவுப் பலகையில் அது நிற்காது. திரும்பத் திரும்பக் கழற்றினால் துளையும் தளர்ந்துவிடும். அதைவிட, பசை போட்டு இறுக்கிய இரண்டு சிறு பெட்டிகளாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து போல்ட் போடுவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

பின்பலகையை அடிக்கும் முன் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் கதவு சேரும். வீட்டில் நிறுத்தியதும் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள். சிறு பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள்.