உஷார்! டெலஸ்கோப் பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கண்ணாடி

வீட்டுப் பிள்ளைக்கு ஆன்லைனில் டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? இதை மேலே படிப்பதற்கு முன்னால் எழுந்துபோய் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ்கள் இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் கறுப்பு வளையம் ஒன்று இருக்கலாம். உள்ளே கரும்பச்சைக் கண்ணாடி. வளையத்தின் ஓரத்தில் ‘சன்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இருந்தால், துணியில் சுற்றிச் சுத்தியலால் அடித்து நொறுக்குங்கள். முழுசாகக் குப்பையில் போட வேண்டாம். வேறு ஒரு பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

ஐபீஸின் அடியில் இதைத் திருகி மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாம் என்று கூட வரும் கையேடு சொல்லும். நம்பாதீர்கள். 70 மில்லிமீட்டர் வில்லையின் மேல் விழும் நடுப்பகல் வெயிலின் சக்தி ஏறக்குறைய 4 வாட். கேட்டால் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அந்த 4 வாட்டும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வட்டமாகக் குவிகிறது. பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்தி விளையாடாத பிள்ளை உண்டா? காகிதத்தைப் பிடித்த அதே இடத்தில்தான் இந்தக் கறுப்புக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. சூடேறிக்கொண்டே போய், எந்த அறிகுறியும் காட்டாமல் படக்கென்று விரிசல் விடும். அப்போது பிள்ளையின் கண் ஐபீஸில் ஒட்டியிருக்கும். கண்ணை எடுக்க அரை நொடி ஆகும். சேதத்துக்கு அதுவே போதும்.

இதில் என்னை அதிகம் கலங்கவைப்பது வேறொன்று. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. கை சுட்டால் இழுத்துக்கொள்கிறோம்; விழித்திரை வெந்தால் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நட்டநடுவில் ஒரு கறை வந்து நிற்கும். எழுத்து வளையும், எதிரில் இருப்பவர் முகம் நடுவில் மங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். சிலருக்குக் கடைசிவரை அப்படியே நின்றுவிடும்.

இங்கே தென் அந்தமானின் சௌல்தாரியில் ஒரு வீட்டு வாசலில் பையன் ஒருவன் அந்த வளையத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “அண்ணே, இதுலயே சன்னுன்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன பயம்?” என்று கேட்டான். அவன்மேல் என்ன தப்பு? அச்சடித்த எழுத்தை நம்புகிறான். பொறுப்பில்லாமல் அதைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். அவன் அப்பாவிடம் பேசி, இருவருமாக அங்கேயே அதை உடைத்தோம்.

கறுப்புக் கண்ணாடியை உடைத்தாகிவிட்டது, சூரியன் பக்கமே போகப் போவதில்லை, இனிப் பயமில்லை என்று நினைத்தால், அந்தமான் தீவில் இருக்கிற நமக்கென்றே இன்னொரு கண்ணி இருக்கிறது. கடிகாரம்.

அதிகாலையில் கிழக்கே புதன் தெரிகிறது, வெள்ளி தெரிகிறது என்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் தமிழில் நல்ல நல்ல தகவல்கள் வருகின்றன. பெரும்பாலும் சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் போடுவது. அவர்கள் சொல்லும் நேரம் அவர்கள் ஊர் வானத்துக்கானது. நாம் சென்னைக்கு 12 பாகைக்கு மேல் கிழக்கே இருக்கிறோம். கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சூரியனோ இங்கே ஏறக்குறைய 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. ஜனவரி நடுவில் சென்னையில் சூரிய உதயம் 6.35 வாக்கில். இங்கே 5.45 வாக்கிலேயே உதித்துவிடும். ஜூனில் 5 மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது.

“காலை 6 மணிக்குக் கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே புதன்” என்ற செய்தியை ஜனவரியில் படித்துவிட்டு ஒரு பிள்ளை சரியாக 6 மணிக்கு டெலஸ்கோப்பைக் கிழக்கே திருப்புகிறது என்று வையுங்கள். சூரியன் உதித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேகம் தாழக் கிடந்தாலோ, மேடும் மரங்களும் மறைத்தாலோ, சூரியன் வந்ததே தெரியாது. வானம் வெளுத்துவிட்டதே, புதன் எங்கே என்று பிள்ளை ஐபீஸில் கண்ணை வைத்து இப்படியும் அப்படியும் துழாவும். மேகம் ஒரு கணம் விலகினால் போதும். வாங்கிய டெலஸ்கோப்பில் கறுப்புக் கண்ணாடியே வராத வீட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. பைனாகுலரிலும் உண்டு, அதில் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் போகும்.

ஆகவே வீட்டில் ஒரு கண்டிப்பு வேண்டும். நம் ஊர் உதய நேரத்துக்கு அரை மணி முன்னால் ஐபீஸைக் கழற்றி மூடி போட்டுவிட வேண்டும். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச ஆப் இருக்கிறது. அதில் இடத்தை போர்ட் பிளேர் என்று வைத்தால் இந்த ஊர் நேரத்தையே காட்டும். ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டாலும் பல ஆப்களில் பழைய பெயரைத்தான் தேட வேண்டியிருக்கும். மாலையில் இந்த 50 நிமிடத்தால் கண்ணுக்கு ஆபத்தில்லை. சென்னைக்காரர் சொன்ன நேரத்தில் போய் நின்றால் கிரகம் மேற்கே இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

பகலில் டெலஸ்கோப்பை மூடியில்லாமல் ஜன்னல் ஓரமாக வைக்காதீர்கள். வெயில் சாய்ந்து உள்ளே விழுந்தால் திரைச்சீலை பற்றிக்கொள்ளும். குழாயின் மேல் ஒட்டியிருக்கும் ஃபைண்டரும் ஒரு சின்ன டெலஸ்கோப்தான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அதற்கும் மூடி வேண்டும்.

சூரியனைப் பார்க்கவே கூடாதா என்றால், பார்க்கலாம். முறை இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். அதை அவர் செய்தது சூரிய ஒளியை ஒளிப்படத் தட்டில் விழவைத்து. நாமும் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்துப் பார்க்கலாம். சிறிய லென்ஸ் டெலஸ்கோப்பை நிழலைப் பார்த்தே சூரியன் பக்கம் திருப்பி, ஐபீஸுக்கு ஓரடி பின்னால் அட்டையைப் பிடித்தால் சூரியப் புள்ளிகள்கூடத் தெரியும். ஆனால் பெரியவர் ஒருவர் ஐபீஸ் பக்கத்தை விட்டு அசையாமல் நிற்க வேண்டும். குட்டிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுவும் வேண்டாம் என்பேன்.

டெலஸ்கோப்பில் நேராகப் பார்க்க வேண்டுமென்றால் ஃபில்டர் முன்பக்கம், முழு வாயையும் மூடியபடி, காற்றடித்தால் கழன்று போகாதபடி இருக்க வேண்டும். அதற்கென்று செய்த சூரியப் படலம் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை படிந்த கண்ணாடி, வெல்டிங் கடையில் கிடக்கும் ஏதோ ஒரு கண்ணாடி, சிடி இதெல்லாம் கூடவே கூடாது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டெலஸ்கோப்பில் பார்ப்பது இன்னும் மோசம். குவிந்து வரும் வெயில் அதைப் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போகும். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணம் ஊட்டி, கோவை, திண்டுக்கல் வழியாகப் போனபோது தீவிலும் பகுதிக் கிரகணமாகத் தெரிந்தது. அடுத்து 2031 மே 21-ல் ஒரு வளையக் கிரகணம் கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து வருகிறது. நமக்கும் சூரியன் பெரும்பங்கு மறையும். அன்றைக்கு மாமரத்தடியில் இலை இடுக்கு வழியே தரையில் விழும் நூற்றுக்கணக்கான பிறைகளைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் போதுமான விருந்து.

பகல் ஆபத்து சூரியன் என்றால், இரவு ஆபத்து தண்ணீர் ஓரம்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட், சௌல்தாரிப் பக்கங்களில் நெல் விளைந்த தாழ்ந்த வயல்களில் கடல் ஏறி, பல இடங்களில் திரும்பிப் போகவே இல்லை. அந்தத் திறந்தவெளிகளில் இன்று மரமில்லை, வீடில்லை, தெருவிளக்கில்லை. அடிவானம்வரை வானம் விரிந்து கிடக்கிறது. டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற எவனும் முதலில் கண்வைப்பது அந்த இடத்தைத்தான். உவர்நீர் முதலைக்கும் அதே இடம்தான் பிடிக்கும். கண்டல் காட்டிலிருந்து க்ரீக் என்கிற கழி வழியாக அது வயல்வரை வந்துபோகிறது. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை அருகே, முதலை வரும் என்று யாரும் நினைக்காத தெளிந்த கடலில், வெளிநாட்டுப் பயணி ஒருவரையே அது கொன்றது. அப்படியிருக்க, சேறு கலங்கிய க்ரீக்கின் கரையில், இருட்டில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஐபீஸில் கண் வைத்திருப்பது எப்படிப்பட்ட காரியம்?

இதில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. இருட்டுக்குக் கண் பழக 20, 30 நிமிடம் ஆகும். அது கெடாமல் இருக்க மங்கலான சிவப்பு விளக்கைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வானம் பார்க்கச் சொல்லித்தரும் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். உண்மைதான். ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு நான்கடிக்கு அப்பால் எதையும் காட்டாது. முதலையின் கண் டார்ச் வெளிச்சத்தில் செங்கனலாக மின்னும். அதைக் கண்டுகொள்ள நல்ல வெள்ளை டார்ச் வேண்டும். போனவுடன் சுற்றிலும் வெள்ளை டார்ச் அடியுங்கள். நடுவிலும் அடியுங்கள். கண்ணின் இருட்டுப் பழக்கம் கெட்டால் கெடட்டும், இன்னொரு அரை மணி காத்திருந்தால் திரும்ப வந்துவிடும். எதையும் காணோம் என்பதற்காகக் கரையில் உட்காரவும் வேண்டாம். தண்ணீருக்கு அடியில் கிடப்பது டார்ச்சுக்குச் சிக்காது. நான் கேட்டால் க்ரீக் பக்கமே வேண்டாம். பள்ளி மைதானம், மொட்டை மாடி, மேட்டில் இருக்கும் தென்னந்தோப்பின் ஓரம் போதும். தெற்கு திறந்திருந்தால் நம் அட்சரேகைக்கு வானம் வாரிக் கொடுக்கும். அகத்தியர் நட்சத்திரமான கனோபஸ் அடிவானத்திலிருந்து 25 பாகை உயரம் ஏறும். ஏப்ரலில் இரவு 10 மணி வாக்கில் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்குச் சற்றுப் பின்னால் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து தெற்கே உச்சிக்கு வரும். 10-க்கு 50 பைனாகுலரில் பஞ்சுப்பொதிபோலத் தெரியும். டெல்லிக்காரர்களுக்கு இவையெல்லாம் அடிவானத்துத் தூசியில் கலங்கிப் போகிறவை, அல்லது எழவே எழாதவை.

நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் வாங்குகிற பழக்கமும் பரவிவருகிறது. சௌல்தாரியில் அதைத் தொடவே வேண்டாம். வீர் சாவர்க்கர் விமான நிலையம் பக்கத்தில்தான். கடற்படையின் ஐஎன்எஸ் உத்குரோஷ் தளமும் அதே ஓடுதளத்தைத்தான் பயன்படுத்துகிறது. தாழ இறங்கும் விமானத்தின் கண்ணாடியில் லேசர் பட்டால் ஒளி சிதறி விமானியின் கண் முழுவதும் பச்சையாகும். அது சட்டப்படியும் குற்றம். மலிவு லேசர்களில் லேபிளில் போட்டிருப்பதைவிடப் பல மடங்கு சக்தி இருப்பதும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் கசிவதும் உண்டு. பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடுகிற பொருள் அல்ல அது. கையை நீட்டிக் காட்டினாலே நட்சத்திரம் தெரியும்.

இன்னும் டெலஸ்கோப் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் 525 மடங்கு, 675 மடங்கு என்று போட்டிருந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். வில்லையின் மில்லிமீட்டரை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உச்சவரம்பு. 70-க்கு 140. அதற்கு மேல் போனால் கலங்கல்தான் பெரிதாகும். முதலில் பைனாகுலர் வாங்குவது நல்லது. மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் ஒரே பருவத்தில் வில்லைக்குள் பூஞ்சை படரும். பனி படிந்த வில்லையைத் துடைக்காமல் தானாகக் காயவிட்டு மூடி போடுங்கள்.

கடைசியாக, இந்நேரம் யார் வீட்டிலாவது பிள்ளை சூரியனைப் பார்த்திருந்தால். திட்டாதீர்கள். திட்டினால் மறைத்துவிடும். ஒரு கண்ணைக் கையால் பொத்தச் சொல்லி, சுவரில் தொங்கும் காலண்டரின் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து மறு கண். கோடு வளைகிறது, நடுவில் எண் தெரியவில்லை, கறை நிற்கிறது என்று சொன்னால் கண்ணில் எந்தச் சொட்டு மருந்தும் விடாமல் அன்றைக்கே ஸ்ரீ விஜயபுரம் ஜி.பி. பந்த் மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் பார்த்தது மாலையில்தான் தெரியவரலாம். அதனால் சாயங்காலம் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை அதே காலண்டரை மறுபடி காட்டிக் கேளுங்கள். எதன் வழியே பார்த்தது, எத்தனை நொடி, எந்தக் கண், எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.