பேரி ராஜர்ஸ்: தாளில் எழுதாத அரேஞ்ச்மென்ட்

இன்னைக்கு ஒரு பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 1965-ல் வந்த எடி பல்மியேரியின் 'அசூகார் பா தி' ஆல்பத்தில் 'அசூகார்' என்று ஒரு பாட்டு. மூணு நிமிஷத்துக்கு மேல் போனால் ரேடியோவில் போடவே யோசிப்பார்கள், அப்படி ஒரு காலம். இது எட்டு நிமிஷத்தைத் தாண்டும். முதல் தடவை எனக்குப் பியானோ மட்டும்தான் கேட்டது. மூணாவது தடவைதான் கவனித்தேன்: பின்னாடி இரண்டு டிராம்போன்கள் ஒரே சின்ன வரியைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசிக்கின்றன, பாட்டு சூடேறுவதே அங்கேதான். அதில் ஒருவர் பேரி ராஜர்ஸ். இந்த எபிசோட் அவரைப் பற்றி.

ராஜர்ஸ் 1935-ல் பிறந்தவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்காரர், யூதக் குடும்பம். ஸ்பானிஷ் அவர் வீட்டு மொழி கிடையாது. ஆனால் அந்தத் தெருக்களில் பியூர்ட்டோ ரிக்கோ, கியூபா இசை எந்நேரமும் கேட்கும். அவர் ஜாஸ் கையோடு அதற்குள் போனார்.

1961-ல் பல்மியேரி 'லா பெர்பெக்தா' என்ற பேண்டை ஆரம்பிக்கிறார். அப்போது நியூயார்க் டான்ஸ் ஹால்களில் இரண்டு வகை பேண்ட் பிரபலம். ஒன்று டீட்டோ புவென்ட்டே மாதிரி டிரம்பெட்டும் சாக்ஸும் வரிசையாக நிற்கும் பெரிய பேண்ட். இன்னொன்று சரங்கா: புல்லாங்குழலும் வயலின்களும். பல்மியேரி புல்லாங்குழலை வைத்துக்கொண்டார், வயலின் இடத்தில் இரண்டு டிராம்போனை உட்கார வைத்தார். ராஜர்ஸுக்கு ஜோடி பிரேசிலிலிருந்து வந்த ஜோசே ரொட்ரிகெஸ். இந்தக் கலவையைப் பார்த்து பல்மியேரியின் அண்ணன் சார்லி வைத்த பெயர் 'டிராம்பாங்கா'.

இதில் ராஜர்ஸ் செய்த வேலையை அரேஞ்ச்மென்ட் என்று சொன்னால் தாளில் எழுதியது என்று நினைப்போம். நிறைய இடத்தில் அப்படி இல்லைங்க. சல்சா பாட்டில் கதைப்பகுதி முடிந்ததும் மொன்ட்டூனோ வரும். பியானோவும் பேஸும் ஒரே சுற்றில் ஓடும், பாடகர் ஒரு வரி பாட கோரஸ் பதில் சொல்லும். அதற்கு நடுவில் ஊதுகருவிகள் ஒரு குட்டி வரியைப் பிடித்து அடுக்கிக்கொண்டே போவதுதான் மோன்யா. ராஜர்ஸ் மேடையிலேயே ஒரு வரியைக் கண்டுபிடிப்பார், ரொட்ரிகெஸ் காதாலேயே அதற்கு இரண்டாம் குரல் சேர்ப்பார். நாலு டிரம்பெட்காரர்களை வைத்து இதை உடனடியாகச் செய்வது ரொம்பக் கஷ்டம். இரண்டே பேர் என்பதால் முடிந்தது. ஆனால் அந்த வரி கிளாவேயில், அதாவது இரண்டு குச்சியால் தட்டும் அந்த ஐந்து தட்டுக் கணக்கில், சரியாக உட்காரணும். அரைத் தட்டு தப்பினாலும் ஆடுகிறவர்களின் கால் காட்டிக்கொடுத்துவிடும்.

டிராம்போனில் வால்வுக்குப் பதில் நீட்டி இழுக்கிற குழாய். அதனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கலாம், மனிதக் குரல் மாதிரி கத்தலாம். ராஜர்ஸ் அதை அழகுபடுத்தவில்லை, கரடுமுரடாகவே விட்டார். எனக்குப் பிடித்ததே அதுதான்.

1968-ல் லா பெர்பெக்தா கலைந்தது. அவர் அங்கேயே நிற்கவில்லை. பிரெக்கர் சகோதரர்கள், டிரம்ஸில் பில்லி கோபம் இருந்த 'டிரீம்ஸ்' என்ற ஜாஸ்-ராக் பேண்டில் வாசித்தார். 1971-ல் சீட்டா கிளப்பில் நடந்த ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் கச்சேரியிலும் இருந்தார். மறுபடி பல்மியேரியுடன் சேர்ந்து வாசித்த 'தி சன் ஆஃப் லத்தின் மியூசிக்', லத்தின் இசைக்கென்று கிராமி கொடுக்க ஆரம்பித்ததும் அந்த விருதை வாங்கிய முதல் ஆல்பம். பரிசு பல்மியேரி பெயருக்கு. நியாயம்தான், பேண்ட் அவருடையது. ஆனாலும் உறுத்துகிறது. நான் கோடு எழுதும் ஆள். தினமும் நம்பி ஓட்டுகிற பாதி லைப்ரரியை எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாது. அது மாதிரிதான் இதுவும்.

1991-ல், 55 வயதில், ராஜர்ஸ் இறந்தார். லீடராகத் தன் பெயரில் ஒரு ஆல்பம்கூடப் போடவில்லை.

இதற்கு நடுவில் பிராங்க்ஸில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையன், ரெக்கார்டில் ராஜர்ஸைக் கேட்டுவிட்டு டிராம்போனுக்கு மாறினான். 1967-ல் அவன் போட்ட முதல் ஆல்பம் 'எல் மாலோ'. வயது பதினேழு. பெயர் வில்லி கொலோன். அட்டையில் அவன் பெயரேதான்.