புலியின் பக்கத்தில் கயல்

சோழமண்டலக் கடலோரத்து நாகப்பட்டினத்தில், அன்று சோழர் முத்திரைக்கு மதிப்பு மிகுதி. ஸ்ரீவிஜய மன்னர் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரைக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தார். அதைச் சொல்லும் செப்பேடுகள் 21. ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். இன்று நெதர்லாந்து நாட்டு லைடன் நகரின் பெயராலேயே அறியப்படுகின்றன.

அந்தச் செப்பேடுகளின் முத்திரையை உற்றுப் பாருங்கள். அமர்ந்த புலி சோழருடையது. அருகே இரட்டைக் கயல், பாண்டியருடையது. கீழே சேரரின் வில். மேலே வெண்கொற்றக் குடை, இருபுறமும் சாமரம். தான் வென்றவர்களின் சின்னத்தை அழிக்காமல் தன் புலியோடு சேர்த்தே வைத்திருக்கிறான் சோழன். இந்த முத்திரையின் அழகே அதுதான்.

ஏடுகள் அனைத்தையும் கோத்த வளையத்தின் இணைப்பில்தான் முத்திரை பதிகிறது. அதை உடைக்காமல் ஒரு ஏட்டை உருவவோ புதிதாகச் செருகவோ முடியாது. விகாரைக்குக் கிடைத்த காப்புறுதி அந்தச் செம்பு வட்டம்.